எர்த் ஃபால்ட் (ஃபேஸ் வயர் பாடியைத் தொடுறது) வந்தும் எம்சிபி (கரண்ட் அதிகமானா தானா கட் பண்ணுற சுவிட்ச்) விழாம நின்ன அனுபவம் யாருக்காவது உண்டா?

சுருள்கம்பி:
இது இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு. நீளமான லைன், கடைசியில ஒரு பம்ப், சி32 எம்சிபி, அதாவது 32 ஆம்பியர், சி கர்வ். யாரோ போட்டது, நான் சர்வீஸுக்குப் போனவன். டெர்மினல் பாக்ஸ் மூடியில ஃபேஸ் வயர் நசுங்கி பாடியைத் தொட்டுக்கிட்டிருந்திருக்கு. ஆன் பண்ணதும் லைட்டெல்லாம் மங்குது, போர்டு உறுமுது, எம்சிபி நாக்கு மேலேயே நிக்குது. ஹெல்பர் ஈரத் தரையில, பம்புக்கு ஒரு எட்டு தள்ளி நிக்கிறான். கை மட்டும் அதுமேல இல்ல. இன்சுலேஷன் கருகுற நாத்தம் வந்தப்புறம் கையாலதான் இறக்கினோம்.

லூப் டெஸ்டர் (ஃபேஸ்ல போய் எர்த் வழியா திரும்புற முழுப் பாதையோட ஓம் அளக்குறது) வெச்சா 1.4 ஓம். 230 வோல்ட்டை அதால வகுத்தா 164 ஆம்பியர். கர்வ்ங்கிறது எத்தனை மடங்கு கரண்ட்ல உடனே விழும்ங்கிற வகை; சி கர்வ் காந்தத்துல உடனே விழும்னு நம்பணும்னா 10 மடங்கு, அதாவது 320 வேணும். பாதிதான் ஓடியிருக்கு. தெர்மல் பட்டை சூடாகி வளையுறவரைக்கும் பாடி லைவ்.

மீட்டர்முள்:
ஃபால்ட்டைக் கட் பண்ண 5 வினாடி வரைக்கும் அனுமதி இருக்கே? இல்லன்னா பி32 போட்டிருந்தா முடிஞ்சது. பி-க்கு 5 மடங்கு, 160. உங்க 164-ல விழுந்திருக்கும்.

பஸ்பார்:
@மீட்டர்முள் 5 வினாடி டிஸ்ட்ரிபியூஷன் சர்க்யூட்டுக்கு, அதாவது போர்டுக்கு சப்ளை கொடுக்கிற லைனுக்கு. 32 ஆம்பியருக்குள்ள இருக்கிற ஃபைனல் சர்க்யூட்னா (போர்டுல இருந்து கருவிக்குப் போற லைன்) டிஎன் சிஸ்டத்துல (சப்ளையோட எர்த்தும் சேர்ந்து வர்றது) 0.4 வினாடி. அப்புறம் அந்த 1.4 ஓம் கேபிள் ஆறியிருக்கும்போது அளந்தது. லோடு ஓடிச் சூடானா செம்போட ரெசிஸ்டன்ஸ் ஏறும். அதுக்குத்தான் 0.8-ஆல பெருக்கிப் பார்க்கிறது: பி32-க்கு 230-ஐ 160-ஆல வகுத்தா வர்ற 1.44 வரம்புன்னா டெஸ்டர்ல 1.15-க்குள்ள வரணும். பி32-யும் ஃபெயில்தான். பத்தாததுக்கு மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் விழுந்து தொலைக்கும். அதுக்காகவே யாராவது மறுபடி சி போடுவாங்க, ஏன் டி கூடப் போடுவாங்க. ஒரு பட்டறையில டி32-யைப் பார்த்திருக்கேன். 20 மடங்கு, 640 ஆம்பியர் வேணும், அதுக்கு லூப் 0.36 ஓமுக்குள்ள இருக்கணும். அந்த லைன்ல அது வாய்ப்பே இல்ல.

எர்த்பிட்:
எனக்கு நடந்தது சின்ன விஷயம். குழி எர்த்தை மட்டும் நம்பியிருந்த இடம், கிரைண்டர் பாடியில ஷாக், 6 ஆம்பியர் எம்சிபி கூட விழல. அவ்வளவுதான்.

ஆனா எல்லாரும் கவனிக்க வேண்டியது: டிடி சிஸ்டத்துல (நம்ம சொந்தக் குழி எர்த் மட்டும்) எர்த் 20 ஓம்னு வெச்சுக்குங்க. 230-ஐ வகுத்தா 11.5 ஆம்பியர். எந்தக் கர்வ் போட்டாலும் உதவாது. அங்கே 0.2 வினாடிதான் கணக்கு. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் கசிஞ்சா கட் பண்ணுற சுவிட்ச்) போடுங்க. 150 மில்லி ஓடினாலே 40 மில்லி செகண்டுக்குள்ள கட் பண்ணும். மேல மெயின்ல இன்னொன்னு போட்டா அது டைம் டிலே உள்ள எஸ் டைப்பா இருக்கட்டும், இல்லன்னா ரெண்டும் சேர்ந்து விழுந்து எந்த லைன்ல ஃபால்ட்னே தெரியாது. டெஸ்ட் பட்டனை அப்பப்ப அழுத்துங்க. ஃபேஸ்-நியூட்ரல் ஷார்ட்டை ஆர்சிசிபி பார்க்காது, அதனால எம்சிபியைக் கழட்டிடாதீங்க. நியூட்ரலை வேற சர்க்யூட்டோட கலக்காதீங்க. எர்த் குழியை வெயில் காலத்துல அளங்க, மழைக்கு அப்புறம் அளந்தா ஏமாத்தும்.

சுருள்கம்பி:
@எர்த்பிட் அண்ணே, இங்க டிடி இல்ல, டிஎன்-எஸ். எர்த் வயர் கூடவே வருது, ஆனா ஃபேஸை விட ரொம்ப மெலிசு. லூப் ஏறினதுக்கு அதுதான் காரணம். ஆர்சிசிபி விஷயம் மட்டும் சரி, 30 மில்லி போட்டாச்சு. கேபிளையும் மாத்தச் சொல்லியிருக்கேன்.

கேங்வேமேன்:
லூப் சரியா இருந்தும் விழாதது பார்த்திருக்கீங்களா? மெயின்ஸ்ல, அதாவது வழக்கமான கரண்ட் சப்ளைல 0.5 ஓம், சி32-க்கு தாராளமா பாஸ். பவர் போய் சின்ன ஜெனரேட்டர் ஓடும்போது அதே லைன்ல ஃபால்ட். எம்சிபி அசையல. வோல்டேஜ்தான் படுத்துச்சு, இன்ஜின் திணறுது, பல்பு இழை மட்டும் சிவப்பா தெரியுது. அந்த ஆல்டர்னேட்டரால 320 ஆம்பியர் தரவே முடியாது. ரிப்போர்ட்ல மெயின்ஸ் ரீடிங் மட்டும்தான் எழுதியிருந்தாங்க.

பஸ்பார்:
அங்க ஆர்சிசிபி இருந்துச்சா?

கேங்வேமேன்:
இருந்துச்சு, ஆனா ஜெனரேட்டர் நியூட்ரலை எர்த்தோட கட்டவே இல்ல. ஃபால்ட் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல வேற. ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கவே பாதி நாள் போச்சு.