ஸ்பிளெண்டரில் ஆயில் அளவு ஒவ்வொரு முறையும் மாறிக் காட்டுகிறது. எங்கே தவறு செய்கிறேன்?

மணப்பாறைப் பயணி:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2014-ஆம் ஆண்டு வாங்கிய, கார்புரேட்டர் பொருத்திய ஸ்பிளெண்டர் பிளஸ். அப்பா ஓட்டிய வண்டி. இரண்டு ஆண்டுகளாக நான் மணப்பாறையிலிருந்து திருச்சிக்கு வேலைக்குப் போய்வர இதைத்தான் பயன்படுத்துகிறேன். போகவர நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடுகிறது. அதனால் மாதம் இருமுறை டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் ஊற்றும் மூடியோடு சேர்ந்த, மேல்கோடும் கீழ்கோடும் போட்ட அளவுகோலை, எடுத்து ஆயில் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். குழப்பமே அங்கேதான் தொடங்கியது.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு பட்டறையில் ஆயில் மாற்றினேன். ஊற்றி முடித்ததும் மெக்கானிக் மூடியை இறுகத் திருகி, மறுபடி கழற்றிக் கோலை என்னிடம் காட்டினார். ஆயில் சரியாக மேல்கோட்டைத் தொட்டு நின்றது. நான்கு நாள் கழித்துக் காலையில், வாசலில் சைடு ஸ்டாண்டில் நின்ற வண்டியில் அப்படியே மூடியைத் திறந்து பார்த்தபோது கோலின் நுனியில் ஒரு சொட்டுகூட ஒட்டியிருக்கவில்லை. பதறிப்போய்ப் பக்கத்துக் கடையில் கிடைத்த 20டபிள்யூ-40 ஆயிலை வாங்கி ஏறத்தாழ 300 மில்லி ஊற்றினேன். அன்று மாலையே சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பார்த்தால் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது.

அது முதல் சிக்னலில் நிற்கும்போது கியர் எளிதில் நியூட்ரலுக்கு வருவதில்லை. ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியில் தொங்கும் சிறிய வடிகுழாயிலும் ஆயில் பிசுபிசுப்பு தெரிகிறது. புதிதாக ஊற்றிய ஆயில் பத்தே நாளில் கறுத்தும் போயிற்று. அதிகமாக ஊற்றியதால்தான் இவையெல்லாமா? இனி ஆயிலை நானே வீட்டில் மாற்றலாமா? தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய பட்டறைக்காரர்:

தம்பி, உங்கள் வண்டியில் பழுது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அளந்த முறையில்தான் தவறு. அதிலும் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு தவறுகள் நடந்திருக்கின்றன.

ஸ்பிளெண்டரின் டிப்ஸ்டிக் எஞ்சினின் வலப்பக்கத்தில் இருக்கிறது. சைடு ஸ்டாண்டில் வண்டி இடப்பக்கமாகச் சாய்வதால் உள்ளிருக்கும் ஆயில் முழுவதும் இடப்பக்கம் ஓடிவிடும். கோலின் நுனிக்கு எட்டாது. குடத்தைச் சாய்த்துவைத்துவிட்டு மேட்டுப்பக்கத்தில் குச்சி விட்டுப் பார்த்தால் தண்ணீர் இல்லை என்றுதானே தோன்றும்? அன்று காலை நீங்கள் பார்த்ததும் அதைத்தான். ஆகவே நீங்கள் ஊற்றிய 300 மில்லியில் பெரும்பகுதி தேவையற்றது.

இன்னொரு தவறு பட்டறையில் நடந்தது. இந்த வண்டியில் மூடியைத் திருகாமல், கோலை நேராக உள்ளே விட்டு, மூடியின் மரை எஞ்சினின் மரைமேல் சும்மா உட்கார்ந்திருக்கும் நிலையிலேயே வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். கோலில் கோடு போட்டிருப்பதே அந்த நிலைக்குத்தான். இறுகத் திருகினால் மரையின் உயரம் அளவுக்குக் கோல் கூடுதலாக இறங்கி, உண்மையில் இருப்பதைவிட ஆயில் அதிகம் என்று காட்டும். எனவே உங்களுக்கு மேல்கோடு என்று காட்டப்பட்ட அளவு, சரியான முறையில் பார்த்தால் அதற்குக் கீழேதான் இருந்திருக்கும். எல்லா வண்டிக்கும் இதே விதி என்று எண்ணிவிட வேண்டாம். முழுவதும் திருகிய பிறகே அளக்க வேண்டிய வண்டிகளும் உண்டு. அந்தந்த வண்டியின் கையேடு சொல்வதே சரி.

இனி அளக்கும்போது சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஐடிலிங்கில் ஓடவிட்டு அணையுங்கள். மேலே ஏறிய ஆயில் கீழே வடிய மேலும் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருந்து, கோலை எடுத்துச் சுத்தமான துணியால் துடைத்து, திருகாமல் உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் இரு கோடுகளுக்கு இடையில், மேல்கோட்டை ஒட்டி நிற்க வேண்டும். பனியன் வேஸ்டால் துடைக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. அதன் நூல் பிசிறு கோலில் ஒட்டி எஞ்சினுக்குள் போகும் என்பதால் நான் அதை இந்த வேலைக்குத் தொடுவதில்லை.

நியூட்ரல் விழாததற்கும் ஆயில் பிசுபிசுப்புக்கும் அளவு மிகுந்துபோனது காரணமாக இருக்கலாம். கிளட்ச் தட்டுகள் ஆயிலிலேயே நனைந்து சுற்றுபவை. ஆயில் மிகுந்தால் லீவரைப் பிடித்த பிறகும் தட்டுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். சுழலும் பாகங்கள் ஆயிலைக் கலக்கி நுரைக்கச் செய்யும். அந்த ஆயில் காற்றோடு சேர்ந்து எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்கு ஏறும். உடனே அதிகப்படியை எடுத்துவிடுங்கள். ஆயிலை வடிப்பதற்காக எஞ்சினின் அடியில் உள்ள ட்ரெயின் போல்ட்டைக் கழற்ற வேண்டியதில்லை. மருந்துக்கடையில் 50 மில்லி சிரிஞ்சும் குளுக்கோஸ் ஏற்றும் டியூபும் வாங்கி, ஆயில் ஊற்றும் துளை வழியாகவே சிறிது சிறிதாக உறிஞ்சி எடுக்கலாம்.

நிறத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரியை ஆயிலில் கலந்துள்ள கழுவுபொருள்கள் படியவிடாமல் தம்மோடு பிடித்துவைத்துக்கொள்வதால்தான் ஆயில் கறுக்கிறது. பழைய எஞ்சினில் அது விரைவாகவே நடக்கும். பால் கலந்த காப்பியைப்போல வெளுத்திருந்தால்தான் அஞ்ச வேண்டும். அது தண்ணீர் புகுந்ததன் அடையாளம். அதேபோல நீங்கள் ஊற்றாமலேயே அளவு ஏறி, கோலை முகர்ந்தால் பெட்ரோல் வாசனை வந்தால், கார்புரேட்டரின் ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்குகிறது என்று பொருள். அந்த நிலையில் வண்டியை ஓட்டக்கூடாது.

கொங்குச் சாலை:

அளவைப் பற்றி ஐயா தெளிவாகச் சொல்லிவிட்டார். ஊற்றிய ஆயிலின் வகையைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன், ஏனென்றால் அதில் நான் அடிபட்டவன்.

உங்கள் வண்டிக்குக் கையேடு சொல்வது 10டபிள்யூ-30. நீங்கள் வாங்கியது 20டபிள்யூ-40. டபிள்யூ என்ற எழுத்துக்கு முன்னுள்ள எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதையும், பின்னுள்ள எண் எஞ்சின் சூடேறிய நிலையில் அதன் கெட்டித்தன்மையையும் குறிக்கின்றன. ஒருமுறை 300 மில்லி கலந்ததால் எஞ்சின் கெட்டுவிடாது; அடுத்த முறை மாற்றும்போது சரியானதையே ஊற்றினால் போதும். ஆனால் டப்பாவின் பின்பக்கத்தில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று அச்சிட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஜாசோ என்பது ஜப்பானிய மோட்டார் வாகனத் தரநிலை அமைப்பின் பெயர்ச்சுருக்கம். கியர் வைத்த பைக்குகளில் ஒரே ஆயில்தான் எஞ்சினுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும் போகிறது. அந்த ஆயிலில் கிளட்ச் வழுக்காது என்பதைச் சோதித்துத் தரும் குறியீடே எம்ஏ. எம்பி என்று இருந்தால் அது வழுக்குத்தன்மை மிகுந்தது. கிளட்ச் ஆயிலில் நனையாத கியர்லெஸ் ஸ்கூட்டர்களுக்கு உரியது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் விலை மலிவாக இருக்கிறது என்று கார் ஆயிலைக் கொடுத்தார்கள். நானும் கேள்வி கேட்காமல் வாங்கி ஊற்றினேன். பெருந்துறைப் பக்கம் மேம்பாலத்தில் நான்காவது கியரில் ஏறும்போது எஞ்சின் சத்தம் மட்டும் உயர்ந்தது, வண்டி வேகமெடுக்கவில்லை. எரிபொருளை மிச்சப்படுத்தும் கார் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் கூடுதலாக இருக்கும். அவை கிளட்ச் தட்டுகளில் ஊறிப்போனால் ஆயிலை மாற்றினாலும் பிடிப்பு முழுதாகத் திரும்புவது உறுதியில்லை. எனக்குத் திரும்பவில்லை. தட்டுகளையே மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே இதில் 100 ரூபாய் மிச்சம் பார்க்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

புல்லட் வழித்துணை:

கோல் இல்லாத வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு குறிப்பு. என் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இல் எஞ்சினின் வலப்பக்கம் வட்டமான கண்ணாடி இருக்கிறது. ஆயில் அதில் தெரியும். அங்கும் வண்டி நேராக நிற்க வேண்டும் என்பதே அடிப்படை. சைடு ஸ்டாண்டில் கண்ணாடி காலியாகத் தெரிவதைப் பார்த்து ஆயில் ஊற்றியவர்களை எனக்கே தெரியும். அது 15டபிள்யூ-50 கேட்கும் எஞ்சின்; ஸ்பிளெண்டருக்குச் சொன்ன ஆயில் அதற்குப் பொருந்தாது.

மணப்பாறைப் பயணி:

அனைவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்னபடியே சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, திருகாமல் அளந்து, சிரிஞ்சால் உறிஞ்சினேன். 50 மில்லி வீதம் நான்கு முறை எடுத்த பிறகு ஆயில் மேல்கோட்டில் வந்து நின்றது. நான் ஊற்றியது 300, எடுத்தது 200 என்றால், பட்டறையிலிருந்து வண்டி வெளியே வந்தபோது மேல்கோட்டுக்கு 100 மில்லி குறைவாகவே இருந்திருக்கிறது. திருகி அளந்ததன் விளைவு எனக்குக் கண்கூடாகத் தெரிந்துவிட்டது. நியூட்ரல் இப்போது முன்புபோல விழுகிறது. டப்பாவில் எம்ஏ2 என்று இருக்கிறது.

அடுத்த முறை நானே மாற்றலாம் என்று நினைக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்? எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும்?

பழைய பட்டறைக்காரர்:

கணக்குப் போட்டுப் பார்த்ததில் மகிழ்ச்சி, தம்பி. தாராளமாக நீங்களே மாற்றலாம். என்னிடமுள்ள கையேடு 3,000 கிலோமீட்டரில் அளவு பார்த்து ஊற்றவும் 6,000-இல் முழுவதும் மாற்றவும் சொல்கிறது. பத்து ஆண்டு ஓடிய வண்டி, நாள்தோறும் 80 கிலோமீட்டர் என்பதால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் 3,000-க்கே மாற்றிவிடுவேன். அதைவிடவும் முன்னதாக மாற்றுவது வீண்செலவு என்பது என் கருத்து.

எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஆயில் கைபொறுக்கும் சூட்டில் இளகியிருக்கும்போது வடியுங்கள். மேல்மூடியைத் திறந்து, அடியில் அகன்ற பாத்திரம் வைத்து, 17-ஆம் எண் ரிங் ஸ்பேனரால் ட்ரெயின் போல்ட்டைத் தளர்த்தி, கடைசிச் சுற்றுகளைக் கையால் கழற்றுங்கள். வடிவது நின்றதும் சாவியை அணைத்த நிலையிலேயே கிக்கரை மெல்ல நாலைந்து முறை மிதித்தால் தங்கியிருப்பதும் இறங்கிவிடும். போல்ட்டோடு வரும் வாஷரைத் தவறாமல் புதிதாக மாற்றுங்கள். பழையது துளையிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதுண்டு. அதைக் கவனிக்காமல் இன்னொன்றைச் சேர்த்தால் ஒழுகும்.

எல்லாவற்றிலும் மேலான கவனம் அந்தப் போல்ட்டுக்கு வேண்டும். போல்ட் இரும்பு, அது ஏறும் எஞ்சின் உடலோ அலுமினியம். நான் தொழில் பழகிய நாளில், ஒழுகிவிடக்கூடாதே என்ற அச்சத்தில் ஸ்பேனரின் முனையில் குழாய் செருகி இறுக்கினேன். கையில் இருந்த விறைப்பு திடீரென்று விட்டுப்போயிற்று. போல்ட்டைக் கழற்றியபோது அதன் மரையைச் சுற்றி வெள்ளிக் கம்பிபோல அலுமினியச் சுருள் வந்தது. லேத் பட்டறையில் புது மரை போட்டு வண்டியைத் திருப்பிக் கொடுக்க மூன்று நாள் ஆயிற்று. அந்த வண்டிக்காரர் அந்த மூன்று நாளும் வேலைக்கு நடந்து போனார். ஆகவே முதலில் விரலாலேயே முழுவதும் திருகுங்கள். தடை தட்டினால் கழற்றி மறுபடி நேராக வையுங்கள். வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரைக் குறுக்கிப் பிடித்து ஒரு சிறு இறுக்கு கொடுத்தால் போதும்.

டப்பாவில் 900 மில்லி இருக்கிறதே என்று அப்படியே கவிழ்த்துவிடாதீர்கள். 900 என்பது எஞ்சினைப் பிரித்துப் பூட்டினால் பிடிக்கும் அளவு. வடித்து மாற்றும்போது கொஞ்சம் ஆயில் உள்ளேயே தங்குவதால் அவ்வளவு கொள்ளாது. 650 மில்லி ஊற்றி, ஓடவிட்டு, பொறுத்திருந்து அளந்து, பிறகு சிறிது சிறிதாகச் சேருங்கள். இந்த எஞ்சினில் கழற்றி வீசும் காகித ஃபில்டர் கிடையாது. கிராங்க் தண்டின் முனையில் சுழலும் கிண்ணம் ஒன்று அழுக்கை விளிம்புக்குத் தள்ளிப் பசைபோலப் படியவைக்கிறது. அதைச் சுத்தம் செய்ய வலப்பக்க மூடியைப் பிரித்துப் ஆயில் ஒழுகாமல் இடைவெளியை அடைக்கும் புது கேஸ்கட் போட வேண்டும் என்பதால் அதைமட்டும் நல்ல பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள்.

வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்ற வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி அது அபாயகரமான கழிவு. மூடியுள்ள கேனில் சேர்த்துவைத்து, பழைய ஆயில் எடுத்துச் செல்ல ஆள் வரும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கிணறும் போர்வெல்லும் குடிக்கும் ஊரில் இருக்கிறோம்.