ஏரியில் மீன் செத்து மிதக்குது. "ஆக்சிஜன் குறைவு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அதோட விட்டுடலாமா?

கலங்கல்கரை:

எல்லாருக்கும் வணக்கம். செங்கல்பட்டு மாவட்டத்துல எங்க ஊர் ஏரி. எங்க சித்தப்பாவும் ஊர்க்காரங்க சிலரும் சேர்ந்து மீன் குத்தகை எடுத்திருக்காங்க. கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விட்டு வளர்த்து, அடுத்த மாசம் வலை போடலாம்னு இருந்தாங்க. வெள்ளிக்கிழமை ராத்திரி இடி மின்னலோட கோடை மழை. சனிக்கிழமை விடிகாலைல கரைப்பக்கம் போனவங்க ஓடி வந்து சொன்னாங்க, மதகு ஓரம் முழுக்க மீன் வயிறு தெரிய மிதக்குதுன்னு. ரெண்டு கிலோ, மூணு கிலோ கட்லா எல்லாம் போச்சு. சித்தப்பா வாங்கின கடனே இன்னும் அடைபடலை.

ஏரிக்கு மேற்கால ஒரு ஓடை வருது. முன்னாடி மழைத்தண்ணி மட்டும்தான் வரும். இப்ப புதுக் குடியிருப்புகளோட சாக்கடையும் அதுலதான். ராத்திரில கழிவுநீர் லாரி வந்து ஊத்திட்டுப் போறதையும் சிலர் பார்த்திருக்காங்க. அதுக்கும் மேல ரெண்டு கம்பெனி இருக்கு. அதனால ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க: கம்பெனித் தண்ணி, பொறாமைல யாரோ மருந்து கலந்துட்டாங்க, இப்படி. வந்து பார்த்த அதிகாரி, "வெயில் காலம், தண்ணி கம்மி, ஆக்சிஜன் குறைஞ்சிருக்கும், இது இயற்கை"ன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டாரு. தண்ணி கூட எடுக்கலை. இன்னும் கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டேதான் இருக்கு. காரணத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வலைக்காரன்:

தம்பி, நானும் குத்தகை மீன்தான் வளர்க்கிறேன், திருவண்ணாமலைப் பக்கம். முதல்ல ஒண்ணு சொல்லுங்க. விரால், தேளி செத்துச்சா? இறால், நண்டு, தவளை? மீன் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுச்சா, இல்ல வெறி புடிச்ச மாதிரி சுத்திச் சுத்தி ஓடுச்சா?

கலங்கல்கரை:

அண்ணே, விரால் ஒண்ணு கூட சாகலை. பசங்க நேத்து கூட தூண்டில்ல புடிச்சாங்க. தவளை கத்துது. ஜிலேபி கொஞ்சம்தான் செத்திருக்கு. விடியும்போது மீன் எல்லாம் மேல வந்து வாயைப் பிளந்துக்கிட்டு நின்னதைச் சித்தப்பா பார்த்திருக்காரு. அப்புறம் ஓடை வந்து விழுற இடத்துல அழுகின முட்டை நாத்தம்.

நீர்ச்சோதனை:

தண்ணீர் பரிசோதனைக் கூடத்துல வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மீன் செத்த ஏரி, குளம், ஆறுன்னு நிறைய கரைகள்ல நின்னிருக்கேன். வலைக்காரன் கேட்ட கேள்விதான் சரியான முதல் கேள்வி. செத்த மீனை எண்ணுறதை விட, எது செத்துச்சு, எது சாகலை, எந்த நேரத்துல, எப்படிங்கறதுதான் முக்கியம்.

நீங்க சொன்னதை வச்சுப் பார்த்தா மருந்து கலந்த மாதிரி தெரியலை. விராலும் தேளியும் தண்ணிக்கு மேல வந்து நேரா காத்தைக் குடிக்கிற மீனுங்க. தண்ணில ஆக்சிஜன் இல்லைன்னாலும் தாக்குப் பிடிக்கும். விஷத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. பூச்சிமருந்தா இருந்தா இறாலும் நீர்ப்பூச்சிகளும் சின்ன மீனுங்களும் முதல்ல போயிருக்கும், பட்டப்பகல்லயும் செத்திருக்கும். ஆக்சிஜன் பஞ்சத்துல பெரிய மீன் முதல்ல சாகும், அதுவும் நடுராத்திரிக்கு மேல இருந்து விடியறதுக்குள்ள. ஒரே ஒரு வகை மீன் மட்டும் செத்தா நோயான்னு யோசிக்கணும்.

அப்ப அதிகாரி சொன்னது சரிதானேன்னு கேப்பீங்க. பாதி சரி. ஆக்சிஜன் குறைஞ்சதுங்கறது மீன் எப்படிச் செத்துச்சுங்கறதுக்குப் பதில். அந்த ஆக்சிஜனை எது தின்னுச்சுங்கற கேள்விக்கு இன்னும் பதில் வரலை. 30 டிகிரி வெப்பத்துல நல்ல தண்ணி லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடிச்சு வைக்கும். மீன் வாழத் தகுந்த தண்ணிக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாதுன்னு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட வகைப்பாட்டுலயே இருக்கு. வெயில் மட்டுமே இதைப் பூஜ்யத்துக்குக் கொண்டு போகாது. சாக்கடை வந்தா அதைத் தின்னுற பாக்டீரியா பெருகும், அது ஆக்சிஜனை எடுக்கும். சாக்கடைல இருக்கிற நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசியைப் பெருக்கும். பாசி பகல்ல ஆக்சிஜன் கொடுக்கும், ராத்திரி பூரா அதுவும் எடுக்கும். அந்த நிலைமைல மேகம் மூடி, மழை பெஞ்சு, அடித்தண்ணி மேல கலந்தா முடிஞ்சுது கதை. அடிச்சேத்துல ஆக்சிஜன் இல்லாம அழுகுறப்ப வர்றதுதான் அந்த முட்டை நாத்தம், ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதுவே மீனுக்கு விஷம். மழை திறந்துவிட்ட கதவுதான். உள்ள இருந்தது பல வருஷமா சேர்ந்த கழிவு. இதை "இயற்கை"ன்னு எழுதி ஃபைலை மூட விடாதீங்க.

2024 மே மாசம் கேரளாவுல பெரியாறு ஆத்துல, ஏலூர் எடையார் தொழிற்பேட்டைப் பக்கம், ஏராளமா மீன் செத்துச்சே, அங்கயும் இதே வழக்குதான். மழைக்குப் பாதாளம் தடுப்பணை ஷட்டரைத் திறந்ததும் கூண்டு மீன் வளர்த்தவங்க மொத்தத்தையும் இழந்தாங்க. ஆக்சிஜன் குறைவுன்னு ஒரு தரப்பு சொல்லுச்சு. கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்தோட ஆய்வுல அம்மோனியாவும் சல்ஃபைடும் ஆபத்தான அளவுல இருந்ததாச் சொன்னாங்க. ரெண்டையும் சேர்த்துப் படிச்சாதான் நடந்தது புரியும்.

இப்ப செய்ய வேண்டியது. இன்னும் மீன் சாகுதுன்னு சொன்னீங்களே, அதனால நேரம் கடந்துடலை. நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி, அஞ்சு மணிக்குள்ள கரைல இருங்க. பத்து மணிக்குப் போய் எடுத்த தண்ணியைப் பார்த்தா ஏரி நல்லாத்தான் இருக்கும். வெயில் ஏறினதும் பாசி ஆக்சிஜனை ஏத்திவிட்டுடும். மதியம் எடுத்த ஒத்தை ரீடிங்கை வச்சு "எல்லாம் சரியா இருக்கு"ன்னு எழுதின அறிக்கையை நிறைய பார்த்திருக்கேன், வயிறு எரியும்.

ஆக்சிஜன் மீட்டர் இல்லைன்னா பரவாயில்லை. 300 மில்லி கண்ணாடி பாட்டிலும் ரெண்டு ரசாயனமும் எந்தக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்துலயும் இருக்கும், ஒரு ஆசிரியரைக் கூட்டிக்கிட்டு வாங்க. பாட்டிலைத் தண்ணிக்குள்ள சாய்ச்சு, ஒரு குமிழி கூட இல்லாம நிரப்பணும். மாங்கனீஸ் சல்பேட் கரைசலை அடில விடணும், அடுத்து கார அயோடைடு. மூடித் தலைகீழா ஆட்டினா உள்ள பஞ்சு மாதிரி ஒரு படிவு இறங்கும். ஆக்சிஜன் இருந்தா அது பழுப்பு. நிறைய இருந்தா காப்பிக்கொட்டை நிறத்துக்கே போகும். சுத்தமா இல்லைன்னா பால் வெள்ளை. அளவு தெரியணும்னா அப்புறம் அமிலம் விட்டு ஆய்வகத்துல டைட்ரேஷன்ங்கற அளவிடுற சோதனை பண்ணணும். ஆனா அந்த வெள்ளைப் படிவைக் கரைல நிக்கிற எல்லாரும் கண்ணால பார்ப்பாங்க. ஊரே சாட்சி. ஓடை விழுற இடம், நடு ஏரி, மதகு, இந்த மூணுலயும் எடுங்க. ஓடைக்குள்ள மேல போய் லாரி ஊத்துற இடத்துக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு எடுங்க. இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் யார் செஞ்சதுங்கறதைக் காட்டும்.

நொய்யல்வாசி:

எங்க பக்கம் ஒரத்துப்பாளையம் அணை தெரிஞ்சிருக்கும். பாசனத்துக்குக் கட்டின அணைல திருப்பூர் சாயக்கழிவு தேங்கி, விவசாயிங்க தண்ணியைத் திறக்காதீங்கன்னு போராட வேண்டி வந்துச்சு. கடைசில 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. அங்க உப்புதான் பெரிய பிரச்சினை. அதனால சொல்றேன், தண்ணில கரைஞ்சிருக்கிற உப்போட அளவைக் காட்டுற டி.டி.எஸ். மீட்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க. விலை கம்மி. தினமும் பார்த்து எழுதுங்க.

நீர்ச்சோதனை:

நல்ல யோசனை. ஆனா டி.டி.எஸ். மீட்டர் ஆக்சிஜனையும் காட்டாது, அம்மோனியா இவ்வளவுன்னும் பிரிச்சுச் சொல்லாது. "ரீடிங் நார்மல், தண்ணி நல்ல தண்ணி"ன்னு யாரும் ஏமாந்துடக் கூடாது. திடீர்னு எகிறுதான்னு பார்க்கத்தான் அது உதவும்.

அப்படி எகிறினதுக்கு ஒரு பெரிய உதாரணம் ஓடர் ஆறு. போலந்துக்கும் ஜெர்மனிக்கும் நடுவுல ஓடுது. 2022 ஜூலை, ஆகஸ்ட்ல அங்க சுமார் 360 டன் மீன் செத்துச்சு. ஆரம்பத்துல பாதரசம்னு பேச்சு கிளம்புச்சு, அது நிக்கலை. ஆத்துல வச்சிருந்த தானியங்கிக் கருவி காட்டினது வேற: உப்புத்தன்மை ஏறியிருக்கு, பி.எச். (தண்ணியோட அமில, காரத் தன்மையைக் காட்டுற அளவு) ஏறியிருக்கு, ஆக்சிஜனும் கூடியிருக்கு! ஆக்சிஜன் நிறைய இருக்கிற தண்ணில மீன் சாகுதுன்னா பாசிப் பெருக்கத்தைத்தான் சந்தேகப்படணும். உப்புக் கழிவு கலந்து, வெயில்ல தண்ணி குறைஞ்சு, உவர் தண்ணில வளர்ற தங்கப்பாசி ஒண்ணு பெருகி, அது விட்ட நச்சுதான் காரணம்னு முடிவுக்கு வந்தாங்க. யார் மேல கோபமோ அவங்க பேரைச் சொல்லிட்டு ஆதாரம் தேடியிருந்தா அதைப் பிடிச்சிருக்கவே முடியாது. உங்க ஊர்லயும் கம்பெனி, பொறாமைக்காரன்னு பேச்சு ஓடுது. பாட்டில் பேசட்டும், அதுவரைக்கும் யார் பேரையும் எழுதாதீங்க.

கலங்கல்கரை:

ஐயா, ரொம்ப நன்றி. கல்லூரில படிக்கிற எங்க ஊர்ப் பொண்ணு ஒண்ணு அவங்க வேதியியல் பேராசிரியரைக் கூட்டிட்டு வரேன்னு சொல்லியிருக்கு. செத்த மீனையும் அனுப்பலாமா? ஐஸ்ல கொஞ்சம் வச்சிருக்கோம். அப்புறம் நாங்களே எடுத்த தண்ணி கேஸுக்கு நிக்குமா?

வழக்குமன்றம்:

சட்டம் பத்தி மட்டும் நான் சொல்றேன். 1974 தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்துல 21வது பிரிவுதான் மாதிரி எடுக்குற முறை. அதிகாரமுள்ள அதிகாரி, கழிவு விடுறவருக்கு அங்கயே நோட்டீஸ் கொடுத்து, மாதிரியை ரெண்டாப் பிரிச்சு, சீல் வச்சு, கையெழுத்து வாங்கணும். அந்த முறைல எடுக்காத பரிசோதனை முடிவு அந்தச் சட்டப்படி நடக்குற வழக்குல சாட்சியா நிக்காது. அதனால உங்க பாட்டில் வீண்னு நினைக்காதீங்க. எங்க, எந்த நேரத்துல எடுக்கணும்னு அதிகாரிக்குக் காட்டுறதுக்கு அதுதான் ஆதாரம். மனுவுல "21வது பிரிவின்படி விடியற்காலை மாதிரி எடுக்க வேண்டும்"னு பளிச்சுன்னு எழுதுங்க. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள்ல ஆட்சியர்கிட்ட கொடுத்து ரசீது வாங்குங்க. மாசு வாரியத்துக்கும் மீன்வளத்துறைக்கும் நகல் போகட்டும். பதில் வரலைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தோட அமர்வு சென்னைலயே இருக்கு. இழப்பீடு கேட்க அஞ்சு வருஷம் அவகாசம், மத்த சுற்றுச்சூழல் புகாரோட அங்க போறதுக்கு ஆறு மாசம்தான். நாளைத் தள்ளிப் போடாதீங்க. குத்தகைப் பத்திரம், குஞ்சு வாங்கின பில், தீவன பில் எல்லாத்தையும் தேடி எடுத்து வைக்கச் சொல்லுங்க. அது இல்லாம நஷ்டத்தை நிரூபிக்கிறது கஷ்டம்.

நீர்ச்சோதனை:

மீன் பத்திக் கேட்டீங்க. மிதந்து உப்பி, கண்ணு வெளுத்து, செவுள் சாம்பலாயிட்ட மீனால எந்தப் பிரயோசனமும் இல்லை. நம்ம வெயில்ல சில மணி நேரத்துலயே சதை கெட்டுடும். உயிருக்குப் போராடிக்கிட்டிருக்கிற மீனைப் பிடிங்க. திசு பார்க்கணும்னா வயித்தைக் கீறி, ஒரு பங்கு ஃபார்மலினுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து அதுல போடணும். கையுறை கட்டாயம். ரசாயனம் பார்க்கணும்னா வேற மீனை அலுமினியத் தாள்ல சுத்தி ஐஸ்ல வைக்கணும். ஃபார்மலின்ல போட்டதை அதுக்கு அனுப்பக் கூடாது. பிடிச்ச உடனே செவுளைத் தூக்கிப் பார்த்து நிறத்தை எழுதி வைங்க. ரத்தம் சாக்லேட் பழுப்பா இருந்தா, தண்ணில நைட்ரைட்ங்கற நச்சு கூடியிருக்கான்னு சந்தேகப்படணும்.

தண்ணில பூச்சிமருந்து பார்க்கணும்னா கண்ணாடி பாட்டில், வெளிச்சம் படாம. உலோகம் பார்க்க பிளாஸ்டிக், ஆய்வகத்துல நைட்ரிக் அமிலம் போட்டுத் தருவாங்க. சல்ஃபைடுக்குத் துத்தநாக அசிடேட் போட்ட தனி பாட்டில் கேளுங்க, இல்லைன்னா வழியிலயே ஆவியாப் போயிடும். அம்மோனியா எடுக்கும்போது அதே இடத்துல பி.எச்.சும் வெப்பமும் குறிக்கணும். ஏன்னா 25 டிகிரில, பி.எச். 7ல மொத்த அம்மோனியால நூத்துல ஒண்ணு கூட விஷ வடிவத்துல இருக்காது. அதே தண்ணி பி.எச். 9க்கு ஏறினா மூணுல ஒரு பங்குக்கு மேல விஷமாயிடும். பாசி நிறைஞ்ச ஏரி சாயங்காலத்துல 9 வரைக்கும் சுலபமாப் போகும். அதனால மதியம் மூணு மணிக்கும் ஒரு தடவை எடுங்க. விடிகாலை ஆக்சிஜன் பூஜ்யம், மதியம் ஏராளம்னு வந்தா அந்த ஏரி சாக்கடையால கொழுத்துப் போச்சுங்கறதுக்கு அதை விடத் தெளிவான ஆதாரம் வேண்டியதில்லை.

காத்து எந்தப் பக்கம் அடிச்சதுன்னும் எழுதுங்க. மதகு ஓரம் மிதந்ததால மதகுலதான் செத்துச்சுன்னு அர்த்தம் இல்லை, காத்து தள்ளியிருக்கும்.

இன்னொண்ணு, இது அவசரம். செத்த மீனைக் குறைஞ்ச விலைக்கு வித்துடலாம்னு யாராவது வந்தா கொடுக்காதீங்க. கருவாடாவும் போடக் கூடாது. மாடுங்களை அந்தத் தண்ணில இறக்க வேண்டாம். கரை ஒதுங்கின மீனைத் தண்ணிக்குத் தூரமா பள்ளம் வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைங்க, விட்டா அது அழுகி மிச்ச ஆக்சிஜனையும் எடுத்துடும். உயிரோட இருக்கிற மீனுக்கு, மோட்டார் வச்சு ஏரித்தண்ணியையே இறைச்சு மேல இருந்து தெளிச்சு விழுற மாதிரி ராத்திரி பூரா ஓட விடுங்க. ஏரி முழுக்கக் காப்பாத்தாது, அந்த மூலைல கூடுற மீன் பிழைக்கும்.

வலைக்காரன்:

மோட்டார் விஷயம் நிஜம். எங்க குளத்துல அப்படித்தான் பாதி மீனை மீட்டோம். சித்தப்பாவைத் தைரியமா இருக்கச் சொல்லுங்க தம்பி. இறால் பண்ணைக்குத் தீவனம் விக்கிற கடைகள்ல ஆக்சிஜன், அம்மோனியா பார்க்கிற சின்ன கிட் கிடைக்கும். எங்ககிட்ட ஒண்ணு பிரிக்காம இருக்கு. இன்னைக்கு ராத்திரி பஸ்ல ஏத்தி விடுறேன், ஊர் பேரைத் தனிச்செய்தில அனுப்புங்க.

கலங்கல்கரை:

அனுப்பிட்டேன் அண்ணே. மோட்டார் இப்பவே பேசி வச்சாச்சு. நாளைக்கு அஞ்சு மணிக்கு பேராசிரியரும் வராங்க. எடுத்ததும் மூணு இடத்து ரீடிங்கையும் இங்கயே போடுறேன் ஐயா, பார்த்துச் சொல்லுங்க.