புதுப்பிப்பு: பழைய எம்எக்ஸ்-5 எடைக் குறைப்பு

என் 1991 மாஸ்டா எம்எக்ஸ்-5 (கூரை திறக்கும், இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்) எடையை எங்கே குறைக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். ஸ்டெப்னி, ஜாக்கி, ஏசி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னீர்கள். முதல் இரண்டும் போயாச்சு, பதிலுக்குப் பங்சர் கிட். ஏசி இருக்கட்டும், வெயிலில் வேகவா?

பெரிய வித்தியாசம் தெரிந்தது சக்கரத்தில்தான். முன்பு வைத்திருந்தவர் அழகுக்காக மாட்டிய 16 அங்குல வீல்களை எடுத்துவிட்டு, கம்பெனி போட்ட 14 அங்குல அலாய் (உலோகக் கலவை) வீல்களைத் தேடிப் பிடித்தேன். ஒன்று ஏறக்குறைய 5.5 கிலோதான்! சக்கரத்தின் எடையை ஸ்பிரிங் தாங்குவதில்லை, அதோடு அதைச் சுழற்றவும் வேண்டும். அதனால் அங்கே குறையும் ஒரு கிலோ, டிக்கியில் குறையும் ஒரு கிலோவைவிட முடுக்கத்திலும் பிரேக்கிலும் மேடுபள்ளத்திலும் கூடுதலாக உதவுகிறது. ஸ்டியரிங்கும் லேசாகிவிட்டது.

கதவுக்குள் இருக்கும் மோதல் தடுப்புக் கம்பியை வெட்டச் சொன்னவருக்கு: இது ரோட்டில் ஓடும் வண்டி, அதைத் தொடமாட்டேன்.

அடுத்து சீட். அசையாத முதுகு கொண்ட பக்கெட் சீட் (உடம்பை இருபக்கமும் அணைத்துப் பிடிக்கும் ரேஸ் சீட்) போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உட்காரும் உயரம் எவ்வளவு இறங்கும்? இப்போதே என் தலை கூரையில் இடிக்கிறது.