சைனஸ் சிடி ரிப்போர்ட்ல ஓனோடி செல், கீரோஸ் டைப் 3னு போட்டிருக்கு, ஆபரேஷன் பண்ணலாமா?

அல்சூர்வாசி:
வீட்டுக்காரருக்கு பெங்களூரு வந்ததுல இருந்தே மூக்கடைப்பு, தலைபாரம், வாசனையே தெரியறதில்ல. ஸ்ப்ரே, மாத்திரை எல்லாம் ஆச்சு, பாலிப் (மூக்குக்குள்ள சதை வளர்ச்சி) இருக்கு, எண்டோஸ்கோப்ல எடுத்துடலாம்னு ஈஎன்டி டாக்டர் சொல்லி சிடி எடுத்தோம். செப்டம் இடது பக்கம் வளைஞ்சிருக்கு, வலது பக்கம் கான்கா புல்லோசா, ஓனோடி செல், ரெண்டு பக்கமும் ஹாலர் செல், கீரோஸ் டைப் 3னு ரிப்போர்ட்ல ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கு. டாக்டர் ரிப்போர்ட்டை மேலோட்டமா பாத்துட்டு எல்லாருக்கும் இருக்கறதுதான்மான்னுட்டார், நெட்ல பாத்தா கண்ணு போயிடும் மூளைத்தண்ணி கசியும்னு வருது. பயமா இருக்குங்க, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஃபிலிம்பெட்டி:
அக்கா, ரேடியாலஜில வேலை பாக்கறவன், தினமும் இதே ரிப்போர்ட்தான். டாக்டர் சொன்னது பாதி சரி. செப்டம், அதாவது மூக்கோட நடுச்சுவர், ஒரு பக்கம் வளைஞ்சா எதிர்ப்பக்கம் கான்கா புல்லோசா, அதாவது மூக்குக்குள்ள மடிப்பு மாதிரி இருக்கற நடு டர்பினேட்டுக்குள்ள காத்து அறை, இருக்கறது சகஜம். ஹாலர் செல் கண்குழிக்குக் கீழ இருக்கற சின்ன அறை, கன்னத்துக்குள்ள இருக்கற மேக்ஸிலரி சைனஸோட வாசலை நெருக்கலாம். இதெல்லாம் சைனஸ் தொந்தரவே இல்லாதவங்களுக்கும் இருக்கும், வியாதி இல்ல.

ஆனா ஓனோடியும் கீரோஸும் அப்படி விடற விஷயம் இல்ல. கீரோஸ்ங்கறது 1962ல வந்த அளவு, மோப்ப நரம்பு உக்காந்திருக்கற பள்ளம் எவ்ளோ ஆழம்னு. 1–3 மிமீ டைப் 1, 4–7 டைப் 2, 8–16 டைப் 3. பள்ளம் ஆழமாக ஆக அதோட பக்கச் சுவர் நீளமா வெளில தெரியும், அப்பளத்தை விட மெல்லிசு, கருவி பட்டா உடைஞ்சு மூளைத்தண்ணி கசியறது அங்கதான். ரெண்டு பக்கமும் ஒரே ஆழமான்னும் பாக்கணும், ஒரு பக்கம் தாழ்ந்திருந்தா அங்கதான் தப்பு நடக்கும். ஓனோடின்னா ரெண்டு கண்ணுக்கு நடுவுல இருக்கற எத்மாய்டு சைனஸோட கடைசி அறை, அதுக்குப் பின்னாடி ஆழத்துல இருக்கற ஸ்பீனாய்டு சைனஸ் மேல ஏறி நிக்கும், பார்வை நரம்பு அதோட சுவரை ஒட்டியே போகும். அதையே ஸ்பீனாய்டுன்னு நெனச்சு உள்ள போயிட்டா ஆபத்து, முன்னாடியே தெரிஞ்சா ஸ்பீனாய்டை கீழ, நடுப்பக்கமா தேடுவாங்க. அவ்ளோதான் வித்தியாசம்.

ஜெயநகர்4பிளாக்:
எனக்கும் டைப் 3தான், ஆபரேஷன் ஆகி நல்லா இருக்கேன். ஆனா கருவி எங்க இருக்குன்னு சிடி படத்துல காட்டற நேவிகேஷன் மெஷின் இருக்கற ஆஸ்பத்திரிக்கே போங்க, செலவு பாக்காதீங்க.

ஃபிலிம்பெட்டி:
சார், மெஷின் இருந்தா நல்லதுதான், அதுவும் ரெண்டாவது ஆபரேஷன், பாலிப் நெறைய, ஸ்பீனாய்டு வரை போற வேலைன்னா. ஆனா அதுலயும் 2 மிமீ வரை பிசகும், நான் சொன்ன அந்த சுவரோட தடிமனே 0.2 மிமீதான். படத்தை படிச்சுட்டு வராத சர்ஜனுக்கு மெஷின் என்ன பண்ணும்?

அக்கா, டாக்டர்கிட்ட ரிப்போர்ட்டை நீட்டாதீங்க, சிடியை கம்ப்யூட்டர்ல ஓட்டி காட்டச் சொல்லுங்க. கண்ணுப் பக்கத்து எலும்பு முழுசா இருக்கா, முன் எத்மாய்டு ரத்தக்குழாய் சைனஸ் கூரையை ஒட்டி போகுதா இல்ல கீழ தொங்குதா (அறுந்தா கண்குழிக்குள்ள இழுத்துக்கிட்டு ரத்தம் கட்டும்), ஸ்பீனாய்டுக்குள்ள இருக்கற தடுப்பு, மூளைக்குப் போற கரோட்டிட் ரத்தக்குழாய் மேல போய் ஒட்டுதான்னு கேளுங்க. நல்ல சர்ஜன் கோவிச்சுக்க மாட்டார், அவரே காட்டுவார். கோவிச்சுக்கிட்டா வேற ஆளை பாருங்க, மார்க்கெட் பக்கம் விக்டோரியா வளாகத்துலயே ஈஎன்டிக்குன்னு தனி ஆஸ்பத்திரி இருக்கு.

அல்சூர்வாசி:
ரொம்ப தேங்க்ஸ் தம்பி. ஆனா ஸ்கேன் சென்டர்ல ஃபிலிம் மட்டும்தான் குடுத்தாங்க, அதை ஓட்ட முடியாதே?

ஃபிலிம்பெட்டி:
போய் கேளுங்க, டிஸ்க்லயோ பென்டிரைவ்லயோ காப்பி பண்ணித் தருவாங்க. 1 மிமீ இல்ல அதுக்கும் மெல்லிசா வெட்டின படம் வேணும், மூணு திசைலயும் பாக்கற மாதிரின்னு சொல்லுங்க. நாள் கடத்தாதீங்க, சில சென்டர்ல பழசை அழிச்சுடுவாங்க.

ஜெயநகர்4பிளாக்:
அவர் ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாம பண்ற மாத்திரை ஏதாவது சாப்பிட்டா அதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்கம்மா.