மறு: தேர்ச் சக்கரமும் பழைய கணக்கும்

உறவுகளுக்கு வணக்கம்.

அம்மா ஊரிலிருந்து அனுப்பிய படத்தைப் பார்த்திருப்பீர்கள். தேரின் பின்சக்கரம் நடுவிலுள்ள அச்சுக் குடம் வரை வெடித்திருக்கிறது. அதைச் சரிசெய்ய ஆளுக்கு 15,000 ரூபாய் கேட்டதும் துபாய் மாமா பழைய திருவிழாக் கணக்கை எடுத்துவிட்டார். மேலவீட்டு அண்ணனோ தன் தெருவைக் கேட்காமல் யாரும் தேரைத் தொடக்கூடாது என்கிறார்.

இங்கே போஸ்டனில் நார்த் எண்ட் என்று இத்தாலியர் குடியேறிய பகுதி இருக்கிறது. ஆகஸ்ட் வந்தால் நான் அங்கேதான். சிசிலியில் ஷாக்கா என்ற ஊரின் மீனவர்கள் 1910 முதல் தங்கள் மாதாவைத் தெருத்தெருவாகச் சுமந்து வருகிறார்கள். இத்தாலியின் மான்டிஃபால்சியோனே ஊர்க்காரர்கள் 1919-இல் அந்தோணியார் திருவிழாவைத் தொடங்கினார்கள். ஒவ்வொன்றையும் நடத்துவது ஓர் ஊர்ச் சங்கம்தான். சிலையிலிருந்து தொங்கும் நாடாவில் டாலர் நோட்டை எல்லார் கண்முன்னாலும் குத்துகிறார்கள். மாமா, நீங்கள் கணக்குக் கேட்பது தப்பே இல்லை. பணம் இப்படி வெளிச்சத்தில் வரவேண்டும்.

சண்டை அவர்களுக்கும் உண்டு. அங்குள்ள புனித லெனார்டு தேவாலயத்தோடு ஒத்துப்போகாதவர்கள் சான் மார்க்கோ சங்கம் என்று பிரிந்து, 1884-இல் மாலுமிகளின் ஜெபக்கூடம் ஒன்றை வாங்கினார்கள். பேராயர் சில ஆண்டுகள் அங்கே பூசைக்கு அனுமதியே கொடுக்கவில்லை. வாங்கிய கோயிலைப் பூட்டி வைத்திருப்பது எவ்வளவு வேதனை, அண்ணன்!

அங்கே குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் மெட்ஃபர்டு, ரிவியர் என்று பக்கத்து ஊர்களுக்குக் குடிபோய்விட்டார்கள். ஆனாலும் திருவிழாவுக்கு வந்து தோள் கொடுக்கிறார்கள். மாதா திரும்பி வரும் இரவில், மூன்றாவது மாடி சன்னலிலிருந்து ஒரு சிறுமியைத் தேவதை வேடத்தில் கயிற்றில் இறக்குவார்கள். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எனக்கோ, நம் வடக்குத் தெரு முக்கில் தேர் திரும்பும்போது முட்டுக்கட்டையோடு குனிந்திருக்கும் அப்பாதான் தெரிவார்.

இருபது வருடம் தேருக்கு முட்டுக்கட்டை போட்ட அப்பாவின் பெயர் மண்டபக் கல்வெட்டில் இல்லை. அந்த வருத்தம் எனக்குப் போகவில்லை, மறைக்கவும் மாட்டேன். அதற்காகச் சக்கரத்தை விட்டுவிட முடியுமா?

என் பங்கைத் திங்கட்கிழமை அனுப்பிவிட்டேன், ரசீது இணைத்திருக்கிறேன். மற்றவர்களும் ரசீதை இந்த மடலுக்குப் பதிலாகவே போடுங்கள். இலுப்பை மரம் கிடைக்குமா என்று ஆசாரியிடம் கேட்டிருக்கிறேன். அண்ணன், உங்கள் தெருவில் யார் வந்து பார்ப்பார் என்று மட்டும் சொல்லுங்கள்.