வேலம்பாசி சோதனை: ஹாலில் வைத்த குழாய் மட்டும் நிறம் மாறவில்லை, செடி செத்துவிட்டதா?

முத்தியால்பேட்டை அம்மா:
வணக்கம், புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். பெண் ஒன்பதாவது படிக்கிறாள், வியாழக்கிழமை அறிவியல் கண்காட்சி. வண்ணமீன் கடையில் ஒரு கட்டு வேலம்பாசி வாங்கி, 4 சோதனைக்குழாய்களில் தண்ணீர் ஊற்றி, புரோமோதைமால் நீலம் (தண்ணீரில் கரியமிலவாயு கூடினால் மஞ்சளாகவும் குறைந்தால் நீலமாகவும் மாறும் சாயம்) சொட்டு விட்டு, ஸ்ட்ராவால் ஊதிப் பச்சை நிறத்துக்குக் கொண்டுவந்து (போர் தண்ணீர், லேசில் மாறவில்லை, ஊதி ஊதி எனக்குத் தலை சுற்றிவிட்டது) தக்கை போட்டு மூடினோம். மாடி வெயிலில் வைத்தது மத்தியானத்துக்குள் நீலம், இலை ஓரமெல்லாம் குமிழி. கருப்புத் துணி சுற்றி பீரோவில் வைத்தது மறுநாள் காலை மஞ்சள். செடி போடாதது பச்சையாகவே இருக்கிறது, சரி. ஆனால் ஹாலில் டிவி பக்கத்தில் செடியோடு வைத்ததும் ஒன்றரை நாளாக அதே பச்சை, ஒரு குமிழி கூட இல்லை. வேறு செடி மாற்றிவிடவா?

பேருந்துக்காரன்:
செத்திருக்கும். பகலில் ஒளிச்சேர்க்கை, ராத்திரி சுவாசம். இரண்டும் நடக்கவில்லை என்றால் செடி போய்விட்டது என்றுதான் அர்த்தம்.

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
தம்பி, இந்த 'ராத்திரி சுவாசம்' என்பதை அழிக்க வகுப்பில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. செடி 24 மணி நேரமும் சுவாசிக்கிறது, உச்சி வெயிலிலும்தான். வெயிலில் ஒளிச்சேர்க்கை பல மடங்கு அதிகம் என்பதால் சுவாசம் கணக்கில் தெரிவதில்லை, அவ்வளவுதான். அதோடு, செத்த செடி அழுகும், அழுகினால் கரியமிலவாயு வந்து தண்ணீர் மஞ்சளாகியிருக்கும். பச்சையாகவே நிற்காது.

அம்மா, ஒன்று சொல்லுங்கள். ஹாலில் ராத்திரி விளக்கை அணைப்பீர்களா? அணைத்தால் விடியற்காலையில் கொஞ்சமாவது மஞ்சள் தட்டியிருக்க வேண்டுமே.

முத்தியால்பேட்டை அம்மா:
அணைப்பதில்லை சார். மாமியாருக்கு இருட்டு ஆகாது, ஹாலில்தான் படுப்பார், டியூப்லைட் விடிய விடிய எரியும். பகலில் ஜன்னல் திரை மூடியே இருக்கும்.

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
அப்படிச் சொல்லுங்கள்! உங்கள் மாமியார் அறியாமலே அருமையான சோதனை செய்திருக்கிறார். அந்த மங்கல் வெளிச்சத்தில் செடி எவ்வளவு கரியமிலவாயுவை எடுக்கிறதோ, சுவாசத்தில் ஏறக்குறைய அவ்வளவையே விடுகிறது. வரவும் செலவும் ஒன்று, அதனால் நிறம் அசையவில்லை. இதைத்தான் ஈடுசெய் புள்ளி என்பார்கள். வேலம்பாசிக்கு இந்தப் புள்ளி மிகக் குறைந்த வெளிச்சத்திலேயே வந்துவிடும், கலங்கிய ஏரிக்கு அடியிலும் அது பிழைப்பது அதனால்தான். புரோமோதைமால் நீலம் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, கரியமிலவாயு கரைந்தால் இறங்கும்) 6க்குக் கீழே மஞ்சள், 7.6க்கு மேலே நீலம், நடுவில் பச்சை. அது காட்டுவது மிச்சத்தை மட்டும்தான், உள்ளே நடக்கும் கொடுக்கல் வாங்கலை அல்ல.

செடியை மாற்றாதீர்கள். இன்று ராத்திரி அதே குழாயில் அலுமினியத் தாள் சுற்றி வையுங்கள், காலையில் பார்த்துவிட்டு வெயிலில் வையுங்கள்.

வில்லியனூர் மீன்தொட்டி:
இப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் புரிகிறது. தொட்டி நிறைய வேலம்பாசி போட்டால் ஆக்சிஜன் கொட்டும் என்று நினைத்து அடைத்துவைத்தேன். சாயங்காலம் மீன்கள் துள்ளும், விடியற்காலை 5 மணிக்கு எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கும். ராத்திரி மோட்டாரை நிறுத்தியதுதான் தப்பு போல.

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
ஆமாம், விடியும் முன்புதான் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும், ராத்திரி முழுக்கச் செடியும் மீனும் சேர்ந்து தின்றிருக்கும். பாதியைப் பிடுங்கிப்போடுங்கள், மோட்டாரை ராத்திரியில் கட்டாயம் ஓடவிடுங்கள். இதே தத்துவத்தில்தான் 1927ல் நார்வேயின் கார்டரும் கிரானும் கடல்நீரை ஒரு வெளிச்சப் புட்டியிலும் ஒரு இருட்டுப் புட்டியிலும் அடைத்து ஆக்சிஜனை அளந்தார்கள். இருட்டில் குறைந்ததை வெளிச்சத்தில் கூடியதோடு சேர்த்தால் மொத்த ஒளிச்சேர்க்கை.

முத்தியால்பேட்டை அம்மா:
சார், காலை 6 மணிக்குத் தாளைப் பிரித்தோம், வெளிர் மஞ்சள்! மாடியில் வைத்தோம், 11 மணிக்கு நீலம். பெண் குதிக்கிறாள். ஒரு சந்தேகம்: அட்டவணையில் ஹால் குழாய்க்கு ஒளிச்சேர்க்கை '0' என்று எழுதியிருக்கிறாள், விட்டுவிடலாமா?

மஞ்சக்குப்பம் வாத்தியார்:
அந்த சைபரை முதலில் அடிக்கச் சொல்லுங்கள். 'குமிழி இல்லை, நிறமாற்றம் இல்லை' என்று எழுதட்டும். ஏன் என்று யாராவது கேட்டால் பாட்டியின் டியூப்லைட் கதையைச் சொல்லட்டும்.