குற்றாலத்துல வாங்கின நன்னாரி வேர்: சர்பத்துல வாசனை இல்ல, பாட்டில்ல பூஞ்சை. எங்கே தப்பு?

மாடிவீடு_மயிலை:
ஜூன் கடைசியில குடும்பத்தோட குற்றாலம் போயிட்டு வந்தோம். தென்காசியில குடிச்ச நன்னாரி சர்பத்தைப் பிள்ளைங்க மறக்கிறதா இல்ல. கால் கிலோ வேர் வாங்கிட்டு வந்தாச்சு. சென்னையில வெயில் இன்னும் குறையல, செஞ்சு வச்சா ஆகும்னு ஒரு தடவை போட்டுப் பார்த்தது இப்படி:

100 கிராம் வேரை அலசி, முழுசா 2 லிட்டர் தண்ணியில போட்டு, மூடாம 1 லிட்டரா சுண்ட வச்சேன். வடிகட்டி 1 கிலோ சர்க்கரை. கரைஞ்சதும் இறக்கி, சூட்டோட ரெண்டு பாட்டில்ல ஊத்தி மூடிட்டேன்.

வாசனை கடைச் சர்பத்துல பாதிகூட இல்ல. தொண்டையில ஒரு துவர்ப்பு நிக்குது. பத்தே நாள்ல ஒரு பாட்டில் மேல வெள்ளையா பஞ்சு மாதிரி படர்ந்திருச்சு. பயந்துபோய் அடுத்த பாட்டிலைத் திரும்பக் காய்ச்சி வச்சா, அது அடியில கற்கண்டா கட்டிக்கிச்சு. நிறமும் வெளிறின டீ மாதிரிதான். மிச்சம் 150 கிராம் வேர் இருக்கு. அதையாவது ஒழுங்கா செய்யணும்.

கொல்லைப்புறம்:
வாசனையை நீங்களே ஆவியா அனுப்பிட்டீங்க. நன்னாரி மணத்துக்குக் காரணமான பொருள், வெனிலாவுக்கு மணம் தர்ற வெனிலினுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். அணுக்களோட எண்ணிக்கை ஒண்ணுதான், அடுக்கு மட்டும் வேற. அது நீராவியோட சேர்ந்து போயிடும். 2 லிட்டரை 1 லிட்டரா சுண்ட வச்சப்போ வீடு முழுக்க கமகமன்னு இருந்திருக்குமே? பாட்டில்ல இருக்க வேண்டியது அதுதான்.

ரெண்டாவது, வேரை முழுசா போட்டது. மணம் இருக்கிறது வெளியே இருக்கிற பழுப்புத் தோல்ல. நடுவுல வெள்ளையா ஒரு கட்டை ஓடும், அதுல மரவாடையைத் தவிர ஒண்ணும் இல்ல. கழுவி, ஒரு மணி நேரம் வெயில்ல உலர்த்தி, ஒவ்வொரு வேரா அம்மியில வச்சு குழவியால ஒரு தட்டு தட்டுங்க. தோல் வெடிச்சு விலகும், கட்டையை உருவிப் போட்டுடலாம். ஈரத்தோட தட்டினா நசுங்குமே தவிர பிரியாது, அதுக்குத்தான் வெயில். எடை நல்லாவே குறையும், கவலைப்படாதீங்க. தோலை மிக்ஸியில ஒன்றிரண்டா, ரவையை விடப் பெருசா ஓட்டுங்க. மாவா அரைச்சா எந்தத் துணியிலயும் வடிகட்ட முடியாது.

அந்த 150 கிராம் வேர்ல கிடைச்ச தோல் மேல 1 லிட்டர் கொதிக்கிற தண்ணியை ஊத்தி, தட்டு போட்டு மூடி ராத்திரி முழுக்க விடுங்க. காலையில மூடியைத் திறக்காம சிறுதீயில 10 நிமிஷம். தளதளன்னு கொதிக்க விட்டா துவர்ப்பு இறங்கும். எவர்சில்வர் பாத்திரம் போதும், இரும்புச் சட்டி கூடவே கூடாது, துவர்ப்புச் சத்து இரும்போட சேர்ந்து கறுத்துடும். மெல்லிய துணியில வடிகட்டி ரெண்டு மணி நேரம் அசைக்காம வச்சு, மேலாகத் தெளிவை மட்டும் இறுத்துக்கங்க. அடியில சேறு மாதிரி நிக்கிறதுதான் பாகைக் கலங்கடிக்கும். தோல் கொஞ்சம் குடிச்சது போக 800 மில்லி தேறும்.

கம்பிப்பதம்:
வேர் பக்கம் அவர் சொல்லிட்டார். நான் சர்க்கரைக் கணக்குக்கு வர்றேன்.

1 லிட்டர் சாறுக்கு 1 கிலோ சர்க்கரைன்னா எடையில சரிபாதி. 50 சதவீதப் பாகு வெளியில வச்சா பூஞ்சை பிடிக்கும், அதுல ஆச்சரியமே இல்ல. குறைஞ்சது 65 வேணும். அதுக்காகத் திரும்பக் காய்ச்சினீங்க, அளவு தெரியாம 70ஐத் தாண்டியிருக்கும். நம்ம ஊர் சூட்டுல தண்ணி தாங்குற சர்க்கரை 68, 69 சதவீதம்தான். அதுக்கு மேல போனா மிச்சம் கற்கண்டா அடியில உட்காரும். ஆக உங்களுக்குக் கிடைச்ச இடைவெளி ரொம்பக் குறுகல், கம்பிப்பதம்னு விரல்ல தொட்டுப் பார்த்துப் பிடிக்கிறது புதுசா செய்றவங்களுக்குக் கஷ்டம்.

எடை போடுங்க. ஆறின பாகு 100 மில்லி 131, 132 கிராம் இருந்தா 65 சதவீதம். 123 கிராம்னா உங்க முதல் பாட்டில். 135ஐத் தொட்டா ரெண்டாவது பாட்டில். சமையலறைத் தராசும் மருந்து அளக்குற குவளையும் இருந்தா முடிஞ்சது.

சுண்ட வச்சு கெட்டியாக்கப் பார்க்காதீங்க, சர்க்கரையைக் கூட்டுங்க. 800 மில்லி சாறுக்கு 1½ கிலோ. பாதிச் சாறை, அதாவது 400 மில்லியை மட்டும் எல்லாச் சர்க்கரையோடயும் அடுப்புல ஏத்துங்க. முழுக்கக் கரைஞ்சு ஒரு கொதி வந்ததும் அழுக்கு நுரையை எடுத்துட்டு, 2 டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டு 5 நிமிஷம் கொதிக்க விடுங்க. அந்தப் புளிப்பு சர்க்கரையில ஒரு பங்கை உடைக்கும், அதனால கற்கண்டு கட்டாது. அப்புறம் மிச்ச 400 மில்லியை ஊத்தி மூடி, ஓரத்துல குமிழி வந்ததும் அணைச்சுடுங்க. மணம் இந்த ரெண்டாவது பாதியிலதான் தங்கும். ஒன்றே முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக் கிடைக்கும்.

சூட்டோட ஊத்தி மூடினதும் ஒரு தப்பு. மூடியில வேர்த்து, அந்தத் தண்ணி சொட்டு சொட்டா மேல விழும். அடியில கெட்டியா இருந்தாலும் மேல் தளம் நீர்த்துப் போகும், பூஞ்சை அங்கேதான் ஆரம்பிக்கும். பாத்திரத்துலயே துணி போட்டு ஆற விட்டு, வெந்நீர்ல கழுவிக் காய வச்ச கண்ணாடி பாட்டில்ல ஊத்துங்க. இத்தனை செஞ்சும் ஃப்ரிட்ஜ்ல வைக்கிறதே நல்லது. பூஞ்சை வந்த பாட்டிலை மேலாக வழிச்சுட்டுப் பயன்படுத்த நினைக்காதீங்க, கொட்டிடுங்க.

மாடிவீடு_மயிலை:
கட்டையை உருவணும்னு கடைக்காரர் சொல்லவே இல்ல! இன்னும் மூணு சந்தேகம். நிறத்துக்கு என்ன செய்றது? சர்க்கரைக்குப் பதிலா பனங்கற்கண்டு போடலாமா? பால் சர்பத் இதே பாகுல வருமா, திரிஞ்சிடுமா?

கம்பிப்பதம்:
நன்னாரிக்கு அந்தக் கறுஞ்சிவப்பு கிடையாது, கடைப் பாட்டில்ல தெரியிறது பெரும்பாலும் கருக்கின சர்க்கரையோ சேர்த்த நிறமோ. வேணும்னா அதே 1½ கிலோவுல 3 மேசைக்கரண்டியைத் தனியா உருக்கி, தேன் நிறம் தாண்டிக் காப்பி நிறம் வர்றப்ப கொஞ்சம் சுடுதண்ணி விட்டுப் பாகுல சேருங்க. பொங்கித் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வச்சுக்கங்க. புகை கிளம்பிட்டா கசப்பு, அதைச் சேர்க்காதீங்க.

பனங்கற்கண்டு போடலாம், ஆனா அதுக்குன்னு ஒரு மணம் உண்டு, நன்னாரியோட மல்லுக்கு நிக்கும். அடியில மண்டியும் நிறைய. பாதிக்குப் பாதி போட்டு, பாகு நிலையில ஒரு தடவை கூடுதலா வடிகட்டுங்க.

சப்ஜாவிதை:
பால் சர்பத்துக்கு: காய்ச்சி ஆற வச்சுக் குளிர்ந்த பால் 150 மில்லி, பாகு 30 மில்லி. பாகுல இருக்கிற 2 டீஸ்பூன் எலுமிச்சையால பால் திரியாது, மொத்தத்துல அது ஒண்ணுமே இல்ல. டம்ளர்ல தனியா எலுமிச்சை பிழிஞ்சா, இல்ல பாகு சூடா இருந்தா, திரியும். ஊறின பாதாம் பிசின் இதுக்குத்தான் பொருந்தும். நெல்லிக்காய் அளவு ஒரு துண்டு போதும், ராத்திரி ஊறினா கிண்ணம் நிறைஞ்சிடும்.

சாதா சர்பத்: பாகு 35 மில்லி, அரை மூடி எலுமிச்சை, 150 மில்லி தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு, அப்புறம் ஐஸ். ஐஸ் உருகுறதையும் சேர்த்துத்தான் இந்தத் தண்ணி அளவு. எலுமிச்சையை அப்பப்போ பிழியுங்க, பாட்டில்லயே கலந்து வச்சா நாலு நாள்ல பழவாசனை மாறிடும். சப்ஜா 1 டீஸ்பூனை அரை டம்ளர் தண்ணியில 20 நிமிஷம் தனியா ஊற வச்சுப் போடுங்க. நேரா பாகுல போட்டா உப்பாது, கெட்டிச் சர்க்கரை விதையைத் தண்ணி குடிக்க விடாது.

வீட்டுல சர்க்கரை நோய்க்காரங்க இருந்தா கவனம், அந்த 35 மில்லியில 30 கிராம் சர்க்கரை இருக்கு. அவங்களுக்கு வடிகட்டின சாறுல அரை டம்ளரை முதல்லயே எடுத்து வச்சு, எலுமிச்சையும் உப்பும் போட்டு அன்னிக்கே குடுத்துடுங்க. வெறும் சாறு நாள்பட நிக்காது.

கொல்லைப்புறம்:
அடுத்த தடவை வேர் வாங்குறப்ப நகத்தால கீறி மோந்து பாருங்க, உடனே மணம் அடிக்கணும். பென்சிலை விட ஒல்லியா, தோல்ல குறுக்கு வெடிப்போட இருக்கிறது நன்னாரி. விரல் தடிமனுக்குச் சதைப்பிடிப்பா இருந்தா அது மாகாளிக் கிழங்கு. வாசனைப் பொருள் ரெண்டுலயும் ஒண்ணுதான், சர்பத்தும் வரும். ஆனா அது ஊறுகாய்க்குப் போக வேண்டிய கிழங்கு.

சாறு எடுத்த சக்கையைக் கொட்டாதீங்க. துணியில முடிஞ்சு மண்பானைத் தண்ணியில போடுங்க, ரெண்டு நாள் மணக்கும். மூணாம் நாள் வழவழப்பு தட்டும், அதுக்கு முன்னால எடுத்துடணும்.